ஆளுக்கொரு லாகின்

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் 'பூட்டு' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். முதுகுக்குப் பின்னால் சொல்லாதவர்கள் கிடையாது. கணினிப் பிரிவு என்று பலகை மாட்டிய அறையில் அவள் ஒருத்திதான் பிரிவு, அவள் ஒருத்திதான் தலைவி, கீழே கிடக்கும் கேபிளைச் சுற்றி வைப்பதும் அவளேதான். யார் எதற்குள் நுழையலாம், யார் நுழையக் கூடாது என்று பார்ப்பது அவள் வேலை. பட்டப்பெயர் முதன்முதலில் காதில் விழுந்தபோது அவளுக்குக் கோபம் வரவில்லை, உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் தன்னையே ஓங்கி அறைந்துகொள்ளலாம் போல் இருக்கிறது அவளுக்கு.

அதே கூடத்தில் அவளுடைய சித்தப்பாவும் வேலை பார்த்தார். அப்பாவின் கடைசித் தம்பி. அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, 'சொட்டு'. கண்ணாடிக் குழாயிலிருந்து மருந்தைக் குடுவைக்குள் சொட்டுச் சொட்டாக விட்டு, தண்ணீரின் நிறம் மாறும் நேரத்தில் சட்டென்று திருகை மூடுவதுதான் அவருடைய பாதி வேலை. மற்றவர்கள் ஒரு சொட்டு அதிகமாகப் போய்விட்டது என்று நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடியும் ஆரம்பிப்பார்கள். இவருக்கு அந்தத் தொல்லை வந்ததே இல்லை.

அவள் தேர்வு எழுதி, தன் மதிப்பெண்ணில்தான் இந்த வேலைக்கு வந்தாள். ஆனால் ஊர் வாயை மூட முடியுமா? 'சித்தப்பா உள்ளே, பொண்ணும் உள்ளே' என்று வந்த புதிதில் பேசினார்கள். அது அவளைச் சுட்டுவிட்டது. அன்றிலிருந்து அலுவலகத்தில் அவரை 'சார்' என்றுதான் கூப்பிட்டாள். அவருக்கு அது ஒரே வேடிக்கை. "சொல்லுங்க மேடம்" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அவள் சிரிக்க மாட்டாள். அவருக்கென்று ஒரு துரும்பைக்கூட நகர்த்திக் கொடுக்க மாட்டாள். மற்றவர்களுக்கு நகர்த்துவதையும் அவருக்கு நகர்த்த மாட்டாள். நியாயமாக நடப்பதாக அதற்குப் பெயர் வைத்திருந்தாள்.

பரிசோதனை முடிவுகளையெல்லாம் ஏற்றிவைக்க ஒரு வலைச்செயலி இருந்தது. ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் 'பெஞ்ச்' என்ற ஒரே அக்கவுண்டில்தான் அதற்குள் போனார்கள். அதன் பாஸ்வேர்டு டீ கொண்டு வருகிறவருக்கும் மனப்பாடம். பெஞ்ச் என்று அவர்கள் சொல்லும் ஆய்வு மேஜைகளுக்குச் சற்றுத் தள்ளி இருந்த கம்ப்யூட்டர்கள் ராப்பகலாகத் திறந்தே கிடக்கும். வெளியிலிருந்து வந்த தணிக்கையாளர் இதைப் பார்த்துவிட்டு, எந்த முடிவை யார் போட்டார்கள் என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். டைரக்டர் அவளைக் கூப்பிட்டு, "ஆளுக்கொரு லாகின் வேணும். சீக்கிரம் முடிச்சுக் குடுங்க" என்றார்.

அவளுக்கு வேறென்ன வேண்டும்? வந்த நாளிலிருந்து அவள் கத்திக்கொண்டிருந்ததும் அதைத்தானே. அலுவலகத்தில் இருக்கும் ஒவ்வொருவர் பெயரும் பதவியும் பிரிவும் பாஸ்வேர்டும் டைரக்டரி என்ற ஒரு சர்வரில் கிளை கிளையாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. மற்றப் பிரிவுக்காரர்கள் அதை வைத்துத்தான் காலையில் கம்ப்யூட்டரைத் திறப்பார்கள். ஆய்வுக்கூடத்து ஆட்களுக்கும் அதில் பெயர் உண்டு, பயன்படுத்தியதுதான் இல்லை. இனிமேல் வலைச்செயலியும் அந்த டைரக்டரியிடம் போய், 'இவர் நம் ஆள்தானா, பாஸ்வேர்டு சரிதானா' என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும். செயலி போய்க் கேட்பதற்கென்று தனி அக்கவுண்ட் ஒன்று உண்டாக்கினாள். எந்தக் கிளையில் தேட வேண்டும், எந்தக் குழுவை உள்ளே விட வேண்டும் என்று எழுதினாள்.

முதல் சோதனையில் கிளையின் பெயரை மாற்றி எழுதித் தொலைத்துவிட்டாள். ஆய்வாளர்கள் ஒருத்தரும் உள்ளே போக முடியவில்லை, வண்டி ஓட்டுகிறவர்கள் அத்தனை பேரும் ஜம்மென்று போனார்கள். ஓட்டுநர் ஒருவர் வந்து வாசலில் நின்று, "மேடம், குளோரின் எவ்வளவுன்னு இனிமே நானே போட்டுடவா? பார்வைக்கே தெரியுது" என்றார். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. திருத்தினாள். அதன் பிறகு எல்லாம் ஒழுங்காக ஓடியது.

கடைசியாக ஒரே ஒரு கட்டம் பாக்கி இருந்தது. டைரக்டரியில் இல்லாத பழைய அக்கவுண்டுகளையும் விட்டுவைக்கலாமா என்று செயலி கேட்டது. டிக் போட்டால் 'பெஞ்ச்' பிழைக்கும், எடுத்தால் போய்விடும். அவள் அதை எடுக்கப் போன அன்று பாட்டில் அக்கா அவள் அறைக்கு வந்தாள். தண்ணீர் மாதிரிகள் வரும் பாட்டில்களை வாங்கி, எண் ஒட்டி, பெஞ்சில் வரிசையாக அடுக்குகிறவள் அவள். அந்த அறைப் பக்கம் அவள் தலைவைத்துப் படுத்ததே கிடையாது.

"ஏம்மா, அந்தப் பழைய பெஞ்ச் ஒண்ணை மட்டும் விட்டு வெக்கக் கூடாதா?" என்றாள்.

"எதுக்குக்கா?"

"எதுக்குன்னா... பழகிடுச்சு. ஒருத்தர் பார்த்துச் சொல்வாரு, ஒருத்தர் அடிப்போம். வேலை ஓடிடும்."

"ஒருத்தர் வேலையை இன்னொருத்தர் போடக் கூடாதுன்னுதானே இவ்வளவும் பண்றேன்? நல்லா இருக்கே நீங்க கேக்கறது."

"எல்லாரும் ஒரே மாதிரியாம்மா இருக்காங்க?"

"ரூல் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான். எங்க சித்தப்பாவுக்கும் சேர்த்துத்தான்."

பாட்டில் அக்கா வாயைத் திறந்தாள். இவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சோம்பேறித்தனத்துக்கு ஆள் அனுப்பி சிபாரிசு வேறா என்று முனகிக்கொண்டே இவள் அந்த டிக்கை எடுத்தாள். யாராவது தப்பான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பப் போட்டால் அக்கவுண்ட் தானே பூட்டிக்கொள்ளும்படியும், அவள் திறந்துவிட்டால் ஒழியத் திறக்காதபடியும் செய்தாள்.

புதுப் பாஸ்வேர்டு வைக்கிற நாளில் சித்தப்பா வந்து எதிரே உட்கார்ந்தார்.

"மேடம், சின்னதா வெச்சுக்கலாமா?"

"முடியாது சார். நீளமா இருக்கணும். நம்பர் வேணும், குறி ஒண்ணு வேணும்."

"ஒரு காகிதத்துல எழுதி வெச்சுக்கட்டுமா?"

"கூடவே கூடாது."

"சரி, சரி" என்று எழுந்து போனார். அவர் போன பிறகு, ஏன் இன்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த ஆள் வந்து உட்கார்ந்ததும் மறந்துவிட்டாள்.

மறுநாள் ஆய்வுக்கூடத்துக்குப் போனபோது அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக் குடுவை கழுவிக்கொண்டிருந்தார். மணிக்கட்டின் உள்பக்கம் பேனாவால் என்னவோ எழுதியிருந்தது. அவள் உரக்கச் சிரித்தாள். "என்ன சார், பரீட்சைக்கு பிட் எழுதிட்டு வந்திருக்கீங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். அவர் சட்டென்று கையைத் தண்ணீருக்குள் விட்டுத் தேய்த்தார். மை கலங்கிப் போய்விட்டது. கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. புது ரூல் மேல் இருக்கும் கடுப்பு என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு தினமும் போன் வந்தது. "மேடம், பூட்டிக்கிச்சு." அவளும் இருந்த இடத்திலிருந்தே திறந்துவிட்டு, ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்று வைத்துக்கொள்ளச் சொன்னாள். கொஞ்ச நாளில் பொறுமை போய்விட்டது. நேரே போய் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "என் கண் முன்னாடி போடுங்க, பார்க்கலாம்" என்றாள். அவர் ஒரு விரலால் எழுத்துகளைத் தேடித் தேடித் தட்டினார். தவறு என்று திரை சொன்னது. மறுபடி தட்டினார். மறுபடியும் தவறு. அவர் கழுத்தில் வேர்வை முத்து முத்தாகக் கோத்து நின்றது.

"என்ன போடணும் இப்ப?" என்று கேட்டார்.

"நேத்து நீங்களே வெச்சதைத்தான்."

"ஆமா, ஆமா. நேத்து" என்றார்.

அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? தெரிந்திருக்க வேண்டும்தான். ஆனால் அவர் குடுவையைப் பிடித்தால் கை அப்படியே நின்றது, நிறம் மாறும் நேரம் தவறவில்லை. இப்படி வேலை செய்கிற மனிதருக்கு ஒரு பாஸ்வேர்டு நினைவில் நிற்காது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பிடிக்காத வேலையைக் காற்றில் பறக்கவிடுவது அவருக்குச் சின்ன வயதிலிருந்தே கைவந்த கலை என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறாள். வீம்பு பிடிக்கிறார் என்றே முடிவு கட்டிவிட்டாள். சொந்தக்காரி என்பதால் தன்னிடம் சலுகை எதிர்பார்க்கிறார் என்றும் தோன்றியது. அந்த நினைப்புதான் அவளைக் குருடாக்கியது.

அந்த மாதக் கூட்டத்தில் டைரக்டர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். தணிக்கையாளர் பாராட்டியிருக்கிறார், இனி எந்த முடிவுக்கு யார் பொறுப்பு என்று பளிச்சென்று தெரிகிறது என்றார். "ஏதாவது சிக்கல் இருக்கா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே?

"ஒரே ஒரு ஆளாலதான் சார் சிக்கல். தினமும் பூட்டிக்கிறாரு, தினமும் நான் திறந்துவிடறேன். அது யாருன்னு நினைக்கிறீங்க? என் சொந்தச் சித்தப்பா!"

மேஜையைச் சுற்றி இரண்டு பேர் சிரித்தார்கள். டைரக்டரும் சிரிக்க ஆரம்பித்தார், பாதியில் நிறுத்திக்கொண்டார். "தினமுமா?" என்று கேட்டார்.

"தினமும்தான் சார்" என்றாள் அவள், தன் வீட்டு ஆளையே விட்டுக்கொடுக்கிறவள் எப்பேர்ப்பட்ட நேர்மைக்காரி என்று எல்லோருக்கும் தெரியட்டும் என்கிற மிதப்பில். எதிரே இருந்த பாட்டில் அக்கா நிமிரவே இல்லை.

டைரக்டர் கெட்டவர் இல்லை. மறுநாள் ஆய்வுக்கூடத்துக்குப் போய், யாரும் பக்கத்தில் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சித்தப்பாவை ஒரு மாதிரியை எடுத்துப் பரிசோதித்து, முடிவைச் செயலியில் ஏற்றச் சொன்னார். அன்று புதிதாக வைத்த பாஸ்வேர்டை டைரக்டரே உட்கார்ந்து போட்டுக்கொடுத்தார். சித்தப்பா குழாயைத் திருகினார், நிறம் மாறியது, கையை நிறுத்தினார், அளவைப் பார்த்தார். எழுந்து கம்ப்யூட்டருக்கு நடந்தார். கூப்பிடு தூரம்கூட இல்லை. அங்கே போய் நின்றபோது அவரிடம் எண் இல்லை. திரையைப் பார்த்தார், குடுவையைத் திரும்பிப் பார்த்தார், பாட்டில் அக்கா எப்போதும் உட்கார்ந்திருக்கும் காலி நாற்காலியைப் பார்த்தார். அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

வைத்தியரிடம் அனுப்பினார்கள். வைத்தியர் நோயின் பெயரைச் சொன்னார். வாரம் முடிவதற்குள் அவரைப் பெஞ்சிலிருந்து எடுத்துவிட்டார்கள். "நான் என்னம்மா பண்ண முடியும்? ஜனங்க குடிக்கிற தண்ணி" என்றார் டைரக்டர், அவளைப் பார்க்காமல். அவர் சொன்னதில் தப்பு இல்லை. கூடத்து ஆட்கள் கும்பலாக நின்று வேடிக்கை பார்க்கவில்லை; ஆளுக்கொரு வேலையை எடுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார்கள். அத்தனை வருஷம் வேலை பார்த்த இடத்திலிருந்து அவர் டிபன் டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

பாட்டில் அக்காவை மாடிப்படியில் மடக்கி நிறுத்தினாள். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டாள்.

"எங்க எல்லாருக்கும் தெரியும். அவருக்குத்தான் முதல்ல தெரியும். அவரே வந்து சொன்னாரு. பெஞ்சுலேருந்தே அளவைச் சத்தமாச் சொல்வாரு, நான் அப்பவே அடிச்சிருவேன். குடுவைகிட்டப் போய் நானும் ஒரு தடவை பார்த்துருவேன். இதுவரைக்கும் ஒரு முடிவு தப்பாப் போனதில்லம்மா. அடுத்து அந்த மெஷின் வருதில்ல, தானே சொட்டு விடற மெஷின்? அது வர்ற அன்னிக்கு எல்லாரையும் கூப்பிட்டு, 'சொட்டு வந்துட்டான், இனிமே இந்தச் சொட்டு எதுக்கு'ன்னு சொல்லிட்டுக் கிளம்பிடறேன்னாரு. சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. சிரிச்ச முகத்தோட போகணும், அவ்வளவுதான் அவரு கேட்டது."

"என்கிட்ட ஏன்க்கா சொல்லல? அன்னிக்கு ரூமுக்கு வந்தீங்களே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நான் சொல்லத்தான் வந்தேன். அவரு சத்தியம் வாங்கியிருந்தாரு. 'அவ என் பொண்ணு. விஷயம் தெரிஞ்சா எனக்காக ரூலை வளைச்சுடுவா. அப்புறம் இத்தனை நாள் கட்டிக் காப்பாத்தின பேரு போயிடும் அவளுக்கு'ன்னாரு."

வளைத்திருப்பாளா? அந்தக் கேள்வியை அவள் பிறகு எத்தனையோ முறை தன்னிடமே கேட்டுப் பார்த்தாள். 'ஆமாம்' என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. தன்னைப் பற்றி அவர் அவ்வளவு உயர்வாக நினைத்திருந்தார் என்பதுதான் அவளைக் கொன்றது.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டுக்குப் போனாள். சித்தி கதவைத் திறந்து, உள்ளே கையைக் காட்டினாள். அவர் கட்டிலில் உட்கார்ந்து, கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பு ஒவ்வொன்றும் கடையில் மடித்தது போல நேராக இருந்தது. அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாம்மா, வா. ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். டைரக்டர்கிட்ட யாரு போய்ச் சொன்னது? எங்க கூடத்துல ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. யோசிச்சு யோசிச்சுப் பார்க்கறேன், பிடிபடல."

அவள் தரையில் உட்கார்ந்தாள். "நான்தான் சித்தப்பா" என்றாள். கூட்டத்தில் சொன்னதையும் மற்றவர்கள் சிரித்ததையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் விழுந்துவிட்டது. மடித்த சட்டையைப் பிரித்தார், மறுபடி மடித்தார். "நீயா?" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பினார். பிறகு கையை நீட்டி அவள் தலையில் வைத்தார். "சரி, விடு. உனக்குத் தெரியாதுல்ல. அழாதே." அவள் வாய்விட்டு அழுதாள். அன்று வீட்டுக்குத் திரும்பும்போது நெஞ்சில் இருந்த பாரம் இறங்கினாற்போல் இருந்தது. தப்புச் செய்தோம், ஒப்புக்கொண்டோம், மன்னித்துவிட்டார், இனி மூச்சு விடலாம் என்று நினைத்தாள். மனுஷ மனசு தனக்கு வேண்டியதை எவ்வளவு சீக்கிரம் எடுத்துக்கொள்கிறது பாருங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனபோதும் முகம் மலர்ந்தது. "வாம்மா. ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். டைரக்டர்கிட்ட யாரு போய்ச் சொன்னது?"

குத்திக் காட்டுகிறார் என்று ஒரு கணம் நினைத்துவிட்டாள். கண்ணைப் பார்த்தாள். அதில் குத்தல் எதுவும் இல்லை. "நான்தான் சித்தப்பா, போன வாரமே சொன்னேனே" என்றாள். மறுபடியும் அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. மறுபடியும் அதே முகம் அதே மாதிரி விழுந்தது. "நீயா?" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பினார். கை அவள் தலைக்கு வந்தது. இந்த முறை அந்தக் கை அவளுக்கு நெருப்பாகச் சுட்டது.

அதற்கடுத்த வாரம் சித்தி அவளை வாசலிலேயே நிறுத்தி, சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"இன்னொரு தடவை அதை அவர்கிட்டச் சொல்லாதே. உனக்குச் சொன்னா மனசு லேசாகுது, போயிடறே. அவருக்கு ஒவ்வொரு வாட்டியும் அது புதுசா விழுது. நீ போனப்புறம் சாப்பிட மாட்டேங்கறாரு. ஏன் சாப்பிடலேன்னு கேட்டா, 'தெரியல, என்னவோ மனசு சரியில்ல'ங்கறாரு. எதுக்கு வருத்தப்படறோம்னே அவருக்குத் தெரியல. வருத்தம் மட்டும் போக மாட்டேங்குது."

"அப்ப கேட்டா நான் என்ன சித்தி சொல்றது?"

"தெரியாதுன்னு சொல்லு. உனக்குள்ளயே வெச்சுக்கோ. வேற என்ன பண்ண முடியும் உன்னால?"

உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. "யாரு, பாப்பாவா? இங்க வா."

போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் அவள் பக்கம் சாய்ந்தார்.

"டைரக்டர்கிட்ட யாரோ என்னைப் பத்திச் சொல்லிட்டாங்கம்மா. யாருன்னு தெரியல. நீதான் கம்ப்யூட்டர்ல எல்லாத்தையும் பாக்கறவளாச்சே, கொஞ்சம் கண்டுபிடிச்சுச் சொல்லேன். சண்டைக்கெல்லாம் போக மாட்டேன். ஏன் அப்படிப் பண்ணாங்கன்னு தெரிஞ்சா போதும்."

"பாக்கறேன் சித்தப்பா" என்றாள்.

"நீ பார்த்தா கண்டுபிடிச்சுடுவே" என்று அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். "உன்னை விட்டா அங்க எனக்குன்னு யாரு இருக்கா?"